சரசுவுக்குக் கிடைத்த மறுவாழ்வு

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, 'நிழற்கூடம்' என்று ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. பௌர்ணமிக்கு மலை சுற்ற வரும் கூட்டத்தில் சில புண்ணியவான்கள், கூட வந்த அப்பாவையோ அம்மாவையோ பாதையோரம் உட்கார வைத்து, "இரு, டீ குடிச்சிட்டு வந்துடறோம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். மறுநாள் வெயில் ஏறிய பிறகும் அந்த டீ முடிந்திருக்காது. அப்படி உட்கார்ந்தவர்களில் பதினெட்டுப் பேர் நிழற்கூடத்தில் இருந்தார்கள். இல்லத்தைத் தொடங்கியவர் ஸ்ரீபால், கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் அவர் நயினார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுகிற சமணக் குடும்பம். எறும்பைக்கூடச் சுற்றிக்கொண்டு போகிற மனிதர். அரசாங்கம், கணக்கு, கடிதம் எல்லாவற்றையும் மேலாளர் வினோதினியின் தலையில் கட்டிவிட்டு, அவர் பெரியவர்களோடு உட்கார்ந்து தாயம் ஆடிக்கொண்டிருப்பார்.

வினோதினி கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடும் குடும்பத்துப் பெண். சமூகப்பணியில் முதுகலை படித்தவள். அரசாங்கத் தாள்களில் அவளுடைய பதவிக்கு 'ஆற்றுப்படுத்துநர்' என்று பெயர், அதாவது கவுன்சலர். பெரியவர்கள் யாரையும் உட்கார வைத்து ஆற்றுப்படுத்த அவளுக்கு நேரம் இருந்ததில்லை. அரசாங்கத்தை ஆற்றுப்படுத்தவே பொழுது சரியாக இருந்தது.

மூன்று வருஷமாக இல்லத்துக்கு அரசாங்க மானியம் வந்துகொண்டிருந்தது. மானியம் வந்தபோது கூடவே ஒரு விதிப்புத்தகமும் வந்தது. அதை எழுதியவர் தன் ஆயுளில் ஒரு கிழவியையாவது குளிப்பாட்டியிருப்பாரா என்று வினோதினிக்கு ரொம்ப நாளாகவே சந்தேகம். சம்பளம் கொடுக்கத் தகுந்த பணியிடங்கள் என்று அதில் மூன்றே மூன்றுதான் இருந்தன: ஆற்றுப்படுத்துநர், கணினி இயக்குநர், யோகா பயிற்றுநர். பதினெட்டுப் பேரில் பாதிப் பேருக்கு எழுந்து உட்காரவே முடியாது. அவர்களுக்கு யோகா உண்டு. சமைக்க, கூட்ட, குளிப்பாட்ட, படுக்கையிலேயே போனால் அள்ளிப் போட யார் என்று தேடினால், கடைசிப் பக்கத்தில் ஒற்றை வரி: 'இப்பணிகள் சமூகத்தின் தன்னார்வப் பங்களிப்பாக அமைதல் வேண்டும்.' இந்தச் சமூகம் என்பவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்று அதில் போடவில்லை. மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் வந்து ஒரு துணியை அலசிப் போட்டதில்லை.

அதனால் நிழற்கூடத்தில் வேலை செய்தவர்கள் எல்லோரும் தாளில் வேறு ஏதாவதாக ஆனார்கள். சமையல்காரி தனம், 'தனம் கேட்டரிங்' என்ற நிறுவனமானாள். மூன்று விலைப்புள்ளி வாங்கியாக வேண்டும் என்று விதி இருந்ததால், அவளோடு போட்டி போட்டுத் தோற்பதற்கென்றே வினோதினி இன்னும் இரண்டு கேட்டரிங் கம்பெனிகளைத் தன் மேசையிலேயே பெற்றெடுத்து, வேறு வேறு பேனாவில் கையெழுத்தும் போட்டாள். வாட்ச்மேன் ராஜா, 'சோலார் விளக்குப் பராமரிப்பு' ஆனான். அந்த விளக்கு கெட்டுப்போய் வருஷம் ஒன்றாகியும் அதன் பராமரிப்பு மட்டும் வேளாவேளைக்கு வந்து கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஆயா வேலை பார்த்த சரசு, போர்வையானாள்.

போர்வைக்கு மானியத்தில் தாராளமாக இடம் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் புதுப் போர்வை, புதுப் படுக்கை விரிப்பு வாங்கலாம். அந்தப் பணத்தில் கொஞ்சம் போர்வையும் நிறையச் சரசுவுமாக வாங்கிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்களுக்கும் அதுவே வேண்டியிருந்தது. போர்வையால் அவர்களைப் புரட்டிப் படுக்க வைக்க முடியாது. முதுகுப் புண்ணுக்கு மருந்து போடவும் முடியாது. சரசு காலையில் வந்தால் பொழுது சாயும்வரை இந்த வேலைதான். அதிலும் ராணியம்மாள் என்று ஒரு பாட்டி, சரசுவின் கையைத் தவிர வேறு யார் கையாலும் வாய் திறக்க மாட்டாள். தனம் ஊட்டினால் துப்புவாள். நயினார் ஊட்டினால் மரியாதையாக வாயை மூடிக்கொள்வாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியை நிறுத்த, சென்னையில் யாரோ ஒருவர் நிர்வாகச் சீர்திருத்தம் செய்தார். இனிமேல் இல்லங்களின் கையில் பணமே கொடுப்பதில்லை, வாங்கும் பொருளுக்கு அரசாங்கமே கடைக்காரருக்கு நேராகப் பணம் அனுப்பிவிடும் என்று உத்தரவு வந்தது. ஊழலை ஒழித்தே விட்டார்கள். ஒரு நாள் லாரியில் மூட்டை மூட்டையாகப் போர்வை வந்து இறங்கியது. யோகா நடக்கும் கூடம் முழுக்கப் போர்வை. யோகா பயிற்றுநர் அதன்மேல் சாய்ந்து மூச்சுப்பயிற்சி செய்யத் தொடங்கினார். மூக்கின் வழியாகக் குறட்டை மட்டும் வந்தது. தாளில் கம்பெனியாகவும் பராமரிப்பாகவும் இருந்த தனத்துக்கும் ராஜாவுக்கும் பணம் நேராக வந்துவிட்டது. சரசுவுக்குத்தான் சம்பளம் இல்லை.

இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்த சரசு, மூன்றாவது மாதம் பிறந்ததும் வினோதினியின் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மேடம், நான் கோயில் வேலையா செய்யறேன்? எங்க வூட்டுக்காரரு எளநி வெட்டி இன்னா ஜாஸ்தியாவா சம்பாரிக்கிறாரு? பெரிய தெருவுல ஒரு நர்சிங் ஹோமுல கூப்புடறாங்க. நான் போறேன்."

சரசு போனால் நிழற்கூடம் ஒரு வாரம் தாங்காது என்பது வினோதினிக்கு நன்றாகத் தெரியும். விதிப்புத்தகத்தை எடுத்து முதல் வரியிலிருந்து திரும்பப் படித்தாள். எங்காவது ஒரு ஓட்டை இருக்கும், இல்லாவிட்டால் அது அரசாங்கம் போட்ட விதியே இல்லை என்பது அவளுடைய நம்பிக்கை. பின்னிணைப்பில் அது இருந்தது. இல்லவாசிகளில் உடல்தகுதி உள்ளவர்கள் தொழிற்பயிற்சி பெற்றால், மாதாமாதம் உதவித்தொகை அவர்கள் கணக்கிலேயே நேராக ஏறும். தொழில்களின் பட்டியலில் மெழுகுவத்தி செய்தல், தையல், அப்புறம் 'முதியோர் பராமரிப்பு' என்று இருந்தது. உதவித்தொகை சரசு வாங்கிய சம்பளத்தைவிட அதிகம். வேலை செய்தால் ஒன்றுமில்லை, வேலை தெரியாது என்று சொன்னால் பணம் உண்டு.

சரசு பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். வினோதினி பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"சரசக்கா, உங்களுக்கு மாசாமாசம் பேங்க்ல பணம் ஏர்ற மாதிரி ஒரு வழி பண்ணிட்டேன். உங்கள இல்லவாசியா சேத்துக்கறேன்."

"அப்டின்னா?"

"இங்க இருக்கற பெரியவங்க மாதிரி. ஆதரவில்லாதவங்கன்னு."

சரசு துணியைத் தண்ணீரில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆதரவில்லாதவளா? எங்க வூட்டுக்காரரு குத்துக்கல்லாட்டம் ரோட்டோரம் ஒக்காந்துக்கினு கீறாரு, நான் அநாதையா?"

"பேப்பர்லதான்க்கா. கிரிவலப் பாதையில சுத்திக்கிட்டு இருந்தவங்கள கூட்டிட்டு வந்தோம்னு எழுதணும், அவ்ளோதான்."

"சுத்தறது நெசந்தான். தெனைக்கும் அந்தப் பாதையிலதான் நடந்து வரேன்." திரும்பத் துணியை எடுத்தாள். "இன்னா தொழில் கத்துத் தருவாங்க?"

"வயசானவங்கள பாத்துக்கற தொழில்."

சரசு சிரித்த சிரிப்பில் ராணியம்மாள் உள்ளேயிருந்து "யாருடி அது?" என்று கேட்டாள்.

"மனநிலைன்னு ஒரு எடம் இருக்குதுக்கா. அதுல எதாவது போட்டாத்தான் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போவுது."

"பைத்தியம்னு மட்டும் போட்டுடாதம்மா. எம் பொண்ணுக்கு வரன் பாக்கறோம்."

"லேசான மறதின்னு போடறேன்."

"போட்டுக்க. கொழம்புல உப்பு போட மறந்துடறேன்னு அவரும்தான் சொல்றாரு."

நயினாரிடம் சொன்னபோது அவர் தாயக்கட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உருட்டாமல் இருந்தார். "பொய்யாச்சேம்மா" என்றார். "பொய்யில்ல நயினார், விதிக்குப் பொருந்தற மாதிரி கொஞ்சம் திருப்பிப் போட்ட உண்மை" என்று வினோதினி பூசி மெழுகினாள். அவர் மறுக்கவில்லை. அன்று முழுக்க உபவாசம் இருந்துவிட்டார். பிராயச்சித்தம் என்று யாரிடமும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்கினாற்போல் நடந்தது. சரசு தினமும் காலையில் ஒரு பேனருக்குக் கீழே நின்று, ராணியம்மாளின் நாடியைப் பிடிப்பதுபோல் போட்டோ எடுத்துக்கொள்வாள். பேனரில் 'பயிற்சி' என்று இருக்கும். போட்டோ போனதும் பேனரைச் சுருட்டி வைத்துவிட்டுக் குளிப்பாட்டப் போய்விடுவாள். பணம் ஒழுங்காக ஏறியது. மகளுக்கு ஒரு ஜோடி கம்மல்கூட வாங்கினாள். வினோதினிக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது. இவ்வளவு நேர்த்தியான திருட்டை வேறு எந்த இல்லத்திலும் செய்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தாள். அவள் அதைத் திருட்டு என்றுதான் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள், ஆனால் வெட்கப்படவில்லை.

அப்புறம்தான் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸிலிருந்து அறிவுச்செல்வன் ஆய்வுக்கு வந்தார். திட்டத்துக்கு மாவட்டப் பொறுப்பு அவர்தான். இஸ்திரி கலையாத சட்டையும், கையைவிட்டு இறங்காத செல்போனுமாக இருப்பார். படுத்த படுக்கையாக இருந்தவர்கள் யோகா பயிற்றுநர் சொன்னபடி ஆளுக்கொரு விரலை உயர்த்திக் காட்டினார்கள். அறிவுச்செல்வன் கொட்டாவி விட்டபடி ஒவ்வொருவர் முகத்தையும் செல்போனில் சரிபார்த்துக்கொண்டே வந்தார். சரசுவின் முகத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். செல்போனைப் பார்த்தார், சரசுவைப் பார்த்தார், திரும்பச் செல்போனைப் பார்த்தார்.

"மேடம், இவங்க பேரு ரேஷன் கார்டுல வருதே. கோதண்டராமன்னு குடும்பத் தலைவர், இதே ஊரு. இவங்களுக்குக் குடும்பம் இருக்குது."

வினோதினி இழுத்தாள். "சார், அது வந்து..."

"கண்டுபுடிச்சிட்டீங்களே மேடம்!"

அவர் குரலில் இருந்தது கோபமில்லை என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அறிவுச்செல்வனின் முகம் பிள்ளை பெற்றவன் முகம்போல் மலர்ந்திருந்தது.

"நான் எல்லா ஹோம்லயும் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். குடும்பத்தோட சேத்து வெச்ச கேஸ் ஒண்ணு, ஒரே ஒண்ணு காட்டுங்க. ஒருத்தரும் காட்டல. பிள்ளைங்க போன எடுக்கமாட்டேங்கறாங்கன்னு சொல்றாங்க. சென்னை மீட்டிங்ல என்னைய எழுந்து நிக்க வெச்சி கேக்கறாங்க மேடம்." சரசுவின் பக்கம் குனிந்து, குழந்தையிடம் பேசுவதுபோல் கேட்டார். "அம்மா, உங்க வீட்டுக்காரர் பேரு ஞாபகம் இருக்குதா?"

சரசு அந்தக் காலத்து வளர்ப்பு. புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஞாபகம் இல்லியா? பரவால்லம்மா, மெதுவா யோசிங்க."

"ராமரு கையில இன்னா வெச்சிருப்பாரு சார்? வில்லு. அதும் பேரு மொதல்ல. அப்புறம் அவரு பேரு."

"பாத்தீங்களா, கொஞ்சம் கொஞ்சமா வருது!" என்றார் அறிவுச்செல்வன். அவரும் இந்த ஊர்க்காரர்தான். அவர் அம்மாவும் தன் புருஷன் பேரை இப்படித்தான் சொல்லியிருப்பாள். ஆனால் டார்கெட் கண்ணை மறைத்துவிட்டால் அம்மாவாவது ஒன்றாவது. "முகம் ஞாபகம் வருதாம்மா?"

"காலைல கூட சண்ட போட்டுட்டுத்தான் சார் வந்தேன்."

அறிவுச்செல்வன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பழைய சண்டையெல்லாம் இன்னிக்கு நடந்த மாதிரி வருது மேடம். பயிற்சி எவ்ளோ வேலை செஞ்சிருக்குது பாருங்க."

பத்து நாளில் வேங்கிக்காலில் விழா ஏற்பாடாயிற்று. கோதண்டராமனுக்கு வெள்ளைச் சட்டை வாங்கிக் கொடுத்து மேடையில் ஒரு மூலையில் நிறுத்தினார்கள். சரசுவை இன்னொரு மூலையில் நிறுத்தினார்கள். இருவரும் அன்று காலை ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் வந்தவர்கள். மேடைக்குப் பெரிய அதிகாரி ஒருவர் வந்து, பிரிந்தவர்களைச் சேர்த்து வைப்பதே இந்த அரசின் லட்சியம் என்று பேசினார். "எத்தன வருஷமா தேடுனீங்க?" என்று மைக்கைக் கோதண்டராமனிடம் நீட்டினார்கள். "தேடறதா? காலைல பஸ் ஸ்டாண்டுல டாய்லெட்டு போறேன்னு போனா, அங்கதான் ஒரு அஞ்சு நிமிஷம் தேடனேன் சார்" என்றார் அவர். மைக்கைச் சட்டென்று பிடுங்கிக்கொண்டார்கள். அழச் சொன்னபோது அவருக்கு அழுகை வரவில்லை. பரிசாகத் தையல் மெஷினை மேடை ஏற்றியபோது கண் நிஜமாகவே கலங்கிற்று. சரசு கழுத்தில் மாலையோடு வினோதினியைப் பார்த்து, இன்னும் எவ்வளவு நேரம் என்பதுபோல் கையைத் திருப்பினாள். ராணியம்மாளுக்குச் சோறு ஊட்டும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நயினார் ஜன்னல் வழியாகப் பொழுதையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு முடியுமுன் சூரியன் இறங்கிவிட்டது. அன்றும் அவருக்கு உபவாசம்தான்.

மறுநாள் காலை சரசு வழக்கம்போல் வேலைக்கு வந்தாள். கேட்டில் முகம் பார்க்கும் கருவி ஒன்று உண்டு. தொழில்நுட்ப நிதியில் வாங்கியது, ஒரு ஆயாவின் ஒரு வருஷச் சம்பளத்தைவிட விலை ஜாஸ்தி. அது சரசுவைப் பார்த்ததும் சிவப்பாக எரிந்து கத்தியது. உள்ளே கம்ப்யூட்டரில் ஒரு வரி வந்து நின்றது: 'மறுவாழ்வு பெற்றவர். மூன்றாண்டுகளுக்கு இல்லத்தில் அனுமதியில்லை. மீறினால் மானியம் நிறுத்தப்படும்.'

"இன்னா மேடம், சாமியாடுது இது?" என்று சரசு கேட்டுக்கு வெளியே நின்று கேட்டாள். கையில் டிபன் தூக்கு இருந்தது.

வினோதினி அவளை அங்கேயே நிற்கச் சொன்னாள். செல்போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், அறிவுச்செல்வனைக் கூப்பிட்டாள். இனிமேல் மறைத்துப் பயனில்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. வேலை போனாலும் போகட்டும் என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

"சார், உண்மைய சொல்லிடறேன். சரசு எங்க ஆயா. அநாதையும் இல்ல, மறதியும் இல்ல. சம்பளம் குடுக்க வழியில்லாம நான்தான் அப்டி எழுதனேன். தப்பு என்னோடது. அவங்கள உள்ள விடணும் சார், இங்க வேல ஓடாது."

"மேடம், விதிப்புத்தகத்துல ஆயான்னு ஒரு போஸ்ட் இருக்குதா?"

"இல்ல சார்."

"இல்லாத போஸ்ட்ல ஒருத்தங்க எப்படி மேடம் வேலை செஞ்சிருக்க முடியும்? நீங்க ஏதோ டென்ஷன்ல பேசறீங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க பாருங்க. நீங்க சொல்றது நெசம்னா அது கவர்மெண்ட ஏமாத்தின கேஸ். மூணு வருஷ மானியத்தையும் நயினார் திருப்பிக் கட்டணும், ஹோமுக்குப் பூட்டு. பெரியவங்க திரும்பவும் ரோட்டுக்குத்தான் போவாங்க. எனக்கும் டிரான்ஸ்ஃபர். நெசம் இல்லன்னா, இந்த வருஷம் சிறந்த இல்லம் விருது உங்களுக்குத்தான். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

வினோதினி போனை வைத்தாள். திரும்பி வந்தபோது சரசு கேட்டில் இல்லை. டிபன் தூக்கை மட்டும் ராஜாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அதில் ராணியம்மாளுக்கென்று குழைய வடித்த பருப்புச் சோறு இருந்தது.

விருது வந்தது. அதோடு சிறந்த இல்லங்களுக்கான கூடுதல் நிதியும் வந்தது. அதில் இன்னொரு யோகா பயிற்றுநரை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். இரண்டு பயிற்றுநர்களும் சேர்ந்து போர்வை மூட்டைகளை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். வினோதினி மூக்கில் துணி கட்டிக்கொண்டு படுக்கை விரிப்பு மாற்றினாள். தனம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கூடப் பிடித்தாள். நயினார் தாயக்கட்டையை மூட்டை கட்டி வைத்துவிட்டு மலச்சட்டி தூக்கினார். அவருக்கு மூட்டு வலி, குனிந்தால் நிமிர ரொம்ப நேரம் ஆகும். இரண்டு தாத்தாக்களுக்கு முதுகில் புண் வந்துவிட்டது. ராணியம்மாள் யார் ஊட்டினாலும் வாய் திறக்கவில்லை. கஞ்சித் தண்ணீர் மட்டும் ஏதோ இறங்கியது. தோள் எலும்பு துருத்த ஆரம்பித்தபோது வினோதினி நிஜமாகவே பயந்தாள். இந்தப் பாட்டி தன் புத்திசாலித்தனத்தால் செத்துப்போவாள் என்ற எண்ணம் வந்து, ஒரு நாள் பாத்ரூமில் போய் அழுதாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு புது உத்தரவு வந்தது. மறுவாழ்வு பெற்ற பயனாளி நல்லபடியாக இருக்கிறாரா என்று ஆற்றுப்படுத்துநர் வாரம் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாம். காருக்கும் டீசலுக்கும் பயனாளிக்குப் பழம் வாங்கவும் பணம் உண்டு. கூட இருந்த இல்லவாசி ஒருவரை உடன் அழைத்துச் சென்றால் பயனாளி மனமகிழ்வார் என்றும் போட்டிருந்தது. சரசுவின் வீடு இல்லத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஓட்டையைப் பார்த்துப் பழகிய வினோதினியின் கண் சும்மா இருக்குமா? வெள்ளிக்கிழமை காரில் ராணியம்மாளைத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டு சரசு வீட்டு வாசலில் போய் நின்றாள்.

சரசு ஓடி வந்தாள். கார்ச் சீட்டிலேயே சாய வைத்து, சோறு பிசைந்து ஊட்டினாள். ராணியம்மாள் ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கேட்டாள். சரசு தலை வாரிவிட்டாள், முதுகைத் துடைத்துவிட்டாள், "இன்னா கதி பண்ணி வெச்சிருக்கீங்க என் பாட்டிய" என்று வினோதினியை வைதாள். வினோதினி வாங்கிக்கொண்டாள். பத்திரமாக ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து வாரம் ஒரு தரம் என்பது தினம் ஒரு தரமாயிற்று. கார்க்காரர் இரண்டு தெரு ஓட்டியதற்குப் பெரிய பில்லாகக் கொடுத்தார். அரசாங்கம் ஒரு வார்த்தை கேட்காமல் கட்டியது.

ஒரு மாதம் போனதும் சரசு, சோறு பிசைந்தபடியே பேச்சை ஆரம்பித்தாள்.

"மேடம், டைவருக்குக் காசு குடுக்கறாங்க. டீசலுக்குக் குடுக்கறாங்க. இந்த ஆப்பிளுக்குக்கூட குடுக்கறாங்க. எனக்கு?"

வினோதினி இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். "யோசிச்சி வெச்சிருக்கேன்க்கா. இந்தக் கார நிறுத்திடலாம். உங்க வீட்டுக்காரர் பேர்ல ஒரு பழைய ஆட்டோ எடுத்து, அத வாடகைக்கு வெச்சா மாதிரி பில் போட்டுடலாம். உங்க சம்பளம் அதுல வந்துடும். யாராலயும் கண்டுபுடிக்க முடியாது."

சரசு ஊட்டுவதை நிறுத்தினாள்.

"மூணு வருஷம் போர்வையா இருந்தேன். அநாதையா இருந்தேன். மறதி புடிச்சவளா இருந்தேன். எங்க வூட்டுக்காரரோட என்னயே சேத்து வெச்சி மால போட்டீங்க, அதுக்கும் நின்னேன். பொண்ணு பாக்க வந்தவங்க, அம்மா ரோட்டுல சுத்துனவங்களாமேன்னு பேப்பர்ல போட்டோவ காட்டி கேட்டுட்டுப் போய்ட்டாங்க. இப்ப ஆட்டோவா ஆவச் சொல்ற." அவள் குரல் உயரவில்லை. அதுதான் வினோதினிக்குத் தாங்கவில்லை. "நான் ஆயாம்மா. ஆயாவா மட்டும் என்ன வெச்சிக்க முடியுமா, முடியாதா? அத சொல்லு."

வினோதினி விதிப்புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். அவளுக்கு மனப்பாடம். எங்கேயும் இல்லை.

"விதியில எடமில்லியேக்கா."

"தெரியும்." சரசு தலையை ஆட்டினாள். "நர்சிங் ஹோமுல திங்கக்கெழம வரச் சொல்லிட்டாங்க. அட்ட குடுத்திருக்காங்க பாரு. ஆயான்னே அடிச்சிருக்குது."

ஜாக்கெட்டுக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினாள். பிளாஸ்டிக் அட்டை. போட்டோவுக்குக் கீழே பெயர், அதற்குக் கீழே ஆயா என்று பெரிய எழுத்தில் இருந்தது. விருதுப் பட்டயத்தைக்கூட அவ்வளவு பத்திரமாக யாரும் உள்ளே வைத்துக்கொண்டதில்லை.

ராணியம்மாள் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீ போயிட்டா எனக்கு யாரு?"

சரசு புடவைத் தலைப்பால் பாட்டியின் வாயைத் துடைத்தாள். அழுதாள், அதை மறைக்கவும் இல்லை. பாதிச் சோற்றோடு கிண்ணத்தை வினோதினியின் கையில் வைத்தாள்.

"இனிமே இவங்க ஊட்டுவாங்க ராணிம்மா. நம்ம இல்லத்துல உன்னப் பாத்துக்கச் சம்பளம் வாங்கறது இவங்கதான்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வினோதினி காரில் ஏறி, ஒரு வாய்ச் சோற்றை உருட்டிப் பாட்டியின் உதட்டருகே நீட்டினாள். ராணியம்மாள் அந்தக் கையை ஒருதரம் பார்த்தாள், உதட்டை இறுக்கிக்கொண்டாள், முகத்தை முன்பக்கம் திருப்பி டிரைவரிடம் சொன்னாள்:

"வண்டிய எடுப்பா, போலாம்."